ஒழுங்கு தவறிய இரத்தப்போக்கும் கருப்பைப் பொலிப்பும்

எமது குடும்பங்களில் சில நோய்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. சில நோய்கள் ஒருவருக்குமே தெரியாதவை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயலெல்லாம் அறியும். மாடு தீன் எடுக்கவில்லை என்றால்கூட நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள். ஆனால் வீட்டுத் தாய்க்கு மூன்று மாதமாக மாதவிடாய் ஒழுங்கு தவறி இரத்தம் போகிறது என்றால் அது அவளுக்கும் அவள் அலசிக் காயப்போடும் துணிக்கும் மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கும்.

இந்தப் பாடத்தில் அப்படி மறைக்கப்படும் ஒரு நோயைப் பற்றிப் படிப்போம். கருப்பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிதான் அது. வைத்தியர்கள் இதைப் 'பொலிப்' என்பார்கள். பெரும்பாலும் தீங்கற்றது, எளிதாக அகற்றக்கூடியது. ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒரு தாயின் உடலில் உள்ள இரத்தத்தைச் சிறிது சிறிதாக வடித்துவிடக்கூடியது. சில வேளைகளில் புற்றுநோயும் இதே அடையாளத்துடன்தான் வருகிறது. ஆகவே பெண்கள் மட்டுமல்ல, கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கருப்பையும் அதன் உட்சுவரும்

கருப்பை என்பது தலைகீழாகப் பிடித்த ஒரு சிறிய கொய்யாப்பழத்தின் அளவும் வடிவமும் கொண்ட உறுப்பு. அதன் வெளிப்பக்கம் தடித்த தசையால் ஆனது. உள்ளே சிறியதொரு வெற்றிடம் உண்டு. அந்த வெற்றிடத்தைச் சுற்றி மென்மையான ஒரு படலம் படர்ந்திருக்கும். அதுவே உட்சுவர்.

ஒவ்வொரு மாதமும் கரு வந்து தங்குவதற்காக உடல் இந்த உட்சுவரை ஆயத்தம் செய்கிறது. விதைப்புக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவது போன்ற வேலை இது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் உட்சுவரைத் தடிப்பாக வளர்க்கிறது. புரோஜெஸ்தரோன் என்ற மற்ற ஹோர்மோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் குறைந்து, வளர்ந்த படலம் கழன்று இரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய்.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் இருப்பது வழமை. இரத்தப்போக்கு 8 நாட்களுக்குள் நின்றுவிட வேண்டும். இந்த இலக்கங்களை மனதில் வைத்துக்கொண்டால் ஒழுங்கு எது, ஒழுங்கீனம் எது என்று எந்தப் பெண்ணும் தானே அறிந்துகொள்ளலாம்.

பொலிப் என்றால் என்ன?

உட்சுவரின் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதே பொலிப். மழைக்குப் பின் உக்கிய மரத்தில் முளைக்கும் காளானைப் போல் சில பொலிப்புகள் ஒரு காம்பில் தொங்கும். வேறு சில காம்பில்லாமல் சுவரோடு பரந்திருக்கும். சில மில்லிமீற்றர் முதல் பல சென்ரிமீற்றர் வரை வளரலாம். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். அதற்குள் இரத்தக் குழாய்கள் உண்டு. மாதவிடாயின்போது உட்சுவர் கழன்று போனாலும் பொலிப் கழன்று போவதில்லை. அங்கேயே நின்று இடையிடையே இரத்தத்தைக் கசியவிடும்.

ஏன் ஒருவருக்கு வளர்கிறது, மற்றவருக்கு வளர்வதில்லை என்பதற்கு முழுமையான விடை கிடையாது. ஆனால் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலுக்கு இதில் பங்கு உண்டு. இதனால் பின்வருவோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது:

- 40 வயதைத் தாண்டியவர்கள், சிறப்பாக மாதவிடாய் நிற்கும் காலத்தை அண்மித்தவர்கள்.
- உடற்பருமன் கூடியவர்கள். உடலில் உள்ள கொழுப்பும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது.
- உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
- மார்பகப் புற்றுநோய்க்காகத் தமொக்சிபென் குளிசை எடுப்பவர்கள். இவர்கள் குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது. இரத்தம் கண்டால் உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

இது தொற்றுநோய் அல்ல. கணவனிடமிருந்து வருவதல்ல. குடும்பக் கட்டுப்பாடு செய்ததால் வந்த தண்டனையும் அல்ல. செய்வினை, கண்ணூறு என்பவற்றோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

உடல் தரும் அடையாளங்கள்

பல பெண்களுக்குப் பொலிப் இருந்தும் எந்த அடையாளமும் தெரிவதில்லை. வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் செய்யும்போதுதான் அது தெரியவரும். அடையாளம் காட்டும்போது அது பெரும்பாலும் இரத்தமாகவே காட்டும்:

1. இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் இரத்தம் அல்லது இரத்தக்கறை காணுதல்.
2. மாதவிடாய் 8 நாட்களுக்கு மேல் நீடித்தல், அல்லது வழமையிலும் மிகக் கூடுதலாகப் போதல், கட்டி கட்டியாக விழுதல்.
3. கணவன் மனைவி உறவுக்குப் பின் இரத்தம் காணுதல்.
4. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கழிந்த பின் இரத்தம் காணுதல். ஒரு துளியாக இருந்தாலும் இது இதில் அடங்கும்.
5. பிள்ளை வேண்டியும் கருத்தரிக்காதிருத்தல். எல்லாக் குழந்தையின்மைக்கும் இது காரணமல்ல. சிலருக்குக் கரு தங்குவதற்குப் பொலிப் தடையாக நிற்கலாம்.

நான்காவது அடையாளத்தைத் திரும்பவும் சொல்கிறோம். மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தத்தை 'திரும்பவும் இளமை வந்துவிட்டது' என்று பகிடியாகவோ, 'சூட்டினால் வந்தது' என்று இலேசாகவோ விடக்கூடாது. அப்படி இரத்தம் காணும் பெண்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு அது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயாக இருக்கிறது. மீதிப் பேருக்குப் பொலிப் போன்ற பாரதூரமற்ற காரணங்களே. ஆனால் யார் அந்த ஒருவர் என்பதைச் சோதித்துத்தான் அறியலாம். நேரத்துடன் கண்டுபிடித்தால் இப்புற்றுநோயைப் பெரும்பாலும் குணமாக்க முடியும்.

ஏன் மறைத்து வைக்கிறோம்?

1990, 1995, 2009 என்று இடப்பெயர்வின் ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. முகாமில் ஒரு தறப்பாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு முழத் தூரமும் இல்லாத காலத்தில் பெண்கள் இரத்தத்தை மறைக்கப் பழகிக்கொண்டார்கள். துணி காயப்போட இடமில்லை; குளிக்க மறைப்பில்லை. அந்தப் பழக்கம் முகாமை விட்டு வந்த பின்னும் போகவில்லை. அத்துடன் உடலில் எது நடந்தாலும் 'யோசனையால் வந்தது, அலைச்சலால் வந்தது' என்று சொல்லிவிடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மனக்கவலையும் அலைச்சலும் மாதவிடாயின் நாட்களைக் குழப்புவது உண்மையே. ஆனால் மாதக்கணக்காகத் தொடரும் இரத்தப்போக்குக்குக் கவலையே காரணம் என்று சோதிக்காமல் தீர்மானிப்பது ஆபத்தானது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இது குறிப்பிட்ட ஒருவரின் கதையல்ல; பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம். 47 வயதுத் தாய் ஒருவர். சொந்தக் காணி இல்லாததால் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறார். மாதம் இருமுறை இரத்தம் போகிறது. 'நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும்' என்கிறார் அயல்வீட்டு ஆச்சி. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகவே கிளினிக் நாள் தவறிப்போகிறது. சாப்பாட்டின் முதற்பங்கு பிள்ளைகளுக்கு. அவருக்கு மிஞ்சுவது வெறுந்தேத்தண்ணி. ஆறு மாதத்தில் படியேற மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒரு நாள் தோட்டத்தில் தலை சுற்றி விழுகிறார். வைத்தியசாலையில் பார்த்தால் உடலில் இரத்தம் பாதியளவாகக் குறைந்திருக்கிறது. காரணம், கருப்பையில் ஒரு விரல் நுனியளவு பொலிப்.

அந்தத் தாயைப் படுக்கையில் விழுத்தியது பொலிப் மட்டுமல்ல. ஆறு மாதத் தாமதமும் சேர்ந்தே விழுத்தியது. அந்தத் தாமதத்தைக் குறைப்பது நமது கையில் உள்ளது.

எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வருபவர், பெண், உங்கள் மொழியிற் பேசுபவர். அவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் உங்களை உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பார். அல்லது அண்மையில் உள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போகலாம். அங்கிருந்து பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்.

எமது நாட்டில் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் ஊடாகப் பெண்களுக்கான 'வெல் வுமன் கிளினிக்' நடைபெற்று வருகின்றது. 35 வயதானவர்கள் அங்கு கட்டாயம் போக வேண்டும். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கு செய்யும் பாப் சோதனை கருப்பையின் கழுத்தில் உள்ள மாற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கானது. கருப்பையின் உள்ளே இருக்கும் பொலிப்பைக் காட்டுவதற்கானது அல்ல. ஆகவே 'பாப் சோதனை நல்லது என்று வந்தது, எனக்குப் பயமில்லை' என்று இரத்தப்போக்கை மறைக்கக்கூடாது. சோதனை செய்பவரிடம் இரத்தப்போக்கைப் பற்றியும் தவறாமல் சொல்லுங்கள்.

போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் இவற்றைக் குறித்துக்கொண்டு போனால் வைத்தியரின் வேலை பாதியாகும்:

- கடைசி மூன்று மாதங்களில் இரத்தம் தொடங்கிய திகதியும் நின்ற திகதியும். வீட்டுக் கலண்டரில் ஒரு சிறு புள்ளி போட்டாற் போதும்.
- நாளொன்றுக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்ற வேண்டியிருந்தது.
- எடுத்துவரும் குளிசைகள், குடும்பத்திட்டமிடலுக்கான ஊசி அல்லது லூப்.
- கர்ப்பமாக இருக்கக்கூடுமா என்பது.

ஒழுங்கற்ற இரத்தப்போக்கு எல்லாமே பொலிப் அல்ல. நார்க்கட்டி, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, கர்ப்பம் கலைதல், குடும்பத்திட்டமிடல் ஊசியின் விளைவு, கருப்பைக் கழுத்து நோய்கள் என்று காரணம் பல. இவற்றை வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய எவராலும் முடியாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வைத்தியர் முதலில் கேள்வி கேட்பார், பின்னர் உடலைச் சோதிப்பார். இரத்தச் சோதனையும் செய்வார். அடுத்தது ஸ்கேன். வயிற்றின் மேலாகவும் செய்வதுண்டு; பிறப்புறுப்பின் வழியாகச் சிறு கருவியை வைத்துச் செய்வதுமுண்டு. இரண்டாவது முறை கருப்பையைத் தெளிவாகக் காட்டும். நோ பெரிதாக இராது. வேண்டாம் என்று சொல்லவும், பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாதவிடாய் வருபவர்களுக்கு, இரத்தம் நின்றவுடன், 10ஆம் நாளுக்கு முன் ஸ்கேன் செய்வது நல்லது. அப்போது உட்சுவர் மெல்லியதாக இருப்பதால் பொலிப் தெரியும்.

ஸ்கேனில் ஐயம் வந்தால் கருப்பைக்குள் மெல்லிய கமெராக் குழாயை விட்டுக் கண்ணால் பார்ப்பார்கள். இது புதுமையான யோசனை அல்ல. 1869 இல் பந்தலியோனி என்ற வைத்தியர், மாதவிடாய் நின்ற பின் இரத்தம் போய்க்கொண்டிருந்த 60 வயதுப் பெண் ஒருவரின் கருப்பைக்குள் குழாயொன்றை விட்டு வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். அங்கே அவர் கண்டது ஒரு பொலிப்பையே. இன்று அந்தக் குழாய் மிக மெல்லியதாகிவிட்டது. படம் திரையில் விழுகிறது.

சிகிச்சை

எல்லாப் பொலிப்பையும் அகற்ற வேண்டும் என்பதில்லை. மாதவிடாய் நிற்காத பெண்ணொருவருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமல், 1 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பொலிப் இருந்தால் வைத்தியர் பொறுத்திருந்து பார்க்கச் சொல்லலாம். இவ்வாறான சிறு பொலிப்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஒரு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடுகிறது. ஆனால் பொறுத்திருப்பது மறந்திருப்பதல்ல. குறித்த திகதியில் திரும்பவும் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

இரத்தம் போகின்றவர்கள், மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டவர்கள், பிள்ளை வேண்டி நிற்பவர்கள், பெரிய பொலிப் உள்ளவர்கள் ஆகியோருக்கு அதை அகற்றுவதே முறை. ஹோர்மோன் குளிசை இரத்தத்தைச் சில காலம் கட்டுப்படுத்தலாம். பொலிப்பை அது நீக்குவதில்லை. குளிசையை நிறுத்தத் தொந்தரவு திரும்பக்கூடும்.

அகற்றுவதற்குச் சிறந்த முறை, முன்பு சொன்ன கமெராக் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே சிறு கருவியால் பொலிப்பை அடியோடு வெட்டி எடுப்பதாகும். வயிற்றில் வெட்டு இல்லை, தையலும் இல்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் பழைய முறையும் உண்டு. பார்க்காமற் செய்யும் அந்தச் சுரண்டலில் பொலிப் தப்பிவிடக்கூடும். இருட்டில் களை பிடுங்கினால் சில களை நிலத்திலேயே நிற்பது போலத்தான். ஆகவே சுரண்டிய பின்னும் இரத்தம் நிற்காவிட்டால் 'எல்லாம் செய்தாயிற்று' என்று விடாமல் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.

பொலிப்புக்காக மட்டும் கருப்பையையே எடுத்துவிட வேண்டிய தேவை பொதுவாக இல்லை. அப்படிச் சொல்லப்பட்டால் 'ஏன்? வேறு வழி உண்டா?' என்று மரியாதையுடன் கேளுங்கள். கேட்பது தவறல்ல.

வெட்டி எடுத்த சதையைக் கட்டாயம் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். 100 பொலிப்புகளை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 95 அல்லது அதற்கும் மேற்பட்டவை தீங்கற்றவையே. மீதியில் புற்றுநோய் அல்லது அதற்கு முந்திய மாற்றம் இருக்கலாம். இந்த அபாயம் மாதவிடாய் நின்றவர்களுக்குக் கூட. ஆகவே 'எடுத்தாயிற்று, சுகம்' என்று முடிவு வாங்காமல் இருந்துவிடாதீர்கள். ஆய்வுகூட அறிக்கையை வாசித்து வைத்தியர் சொன்ன பின்னரே சிகிச்சை முடிவடைகிறது.

வீடு திரும்பிய பின்

சில நாட்களுக்கு அடிவயிற்றில் பிடிப்பும் சிறிதளவு இரத்தமும் இருக்கும். ஓரிரு நாளில் சமையல் போன்ற வீட்டு வேலைகளைச் செய்யலாம். தோட்ட வேலைக்கு எப்போது போகலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் நிற்கும்வரை உறவைத் தவிர்க்கவும். குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், அள்ளிக் குளிக்கவும். காய்ச்சல், நாற்றமுள்ள கழிவு, கடும் வயிற்றுவலி, ஒரு மணித்தியாலத்தில் ஒரு நாப்கின் நனையுமளவு இரத்தம், இவற்றில் எது கண்டாலும் கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கருவி கருப்பையைத் துளைப்பதும் கிருமி தொற்றுவதும் அரிது, ஆனால் நடக்கக்கூடியவை.

பொலிப் சிலருக்குத் திரும்பவும் வளரலாம். பழைய அடையாளம் மீண்டும் வந்தால் மீண்டும் போக வேண்டும்.

இழந்த இரத்தத்தை ஈடுசெய்தல்

நோய் நீங்கினாலும் இரத்தச்சோகை தானாகப் போய்விடாது. வைத்தியர் தரும் இரும்புச்சத்துக் குளிசையைச் சொன்ன மாதங்கள் முழுவதும் எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குளிசையையும் சாப்பாட்டையும் தேத்தண்ணியுடன் எடுக்கக்கூடாது. தேயிலை இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மாறாக, தேசிக்காய்ச் சாறும் நெல்லிக்காயும் கொய்யாவும் அதைச் சேர்க்க உதவுகின்றன.

முருங்கை இலை, கீரை வகைகள், பயறு, கௌபி, கடலை, நெத்தலி, முடிந்தபோது ஈரல் ஆகியவற்றை உணவிற் சேருங்கள். இவற்றிற் பலவற்றைக் கொட்டிலுக்குப் பின்னால் உள்ள சிறு நிலத்திலும் வளர்க்கலாம். ஒரு முருங்கைத் தடியை நட்டுவிட்டால் அது காணி உறுதி கேட்பதில்லை. ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் தாயாகவே இருக்கும்வரை இந்தப் பட்டியலால் பயன் இல்லை. சோகை உள்ளவருக்கு முதற் கோப்பையைப் போடுங்கள்.

குடும்பமும் சங்கமும் செய்யக்கூடியவை

கிளினிக்குக்குப் போகும் தாய்க்கு ஒரு நாட்கூலி இழப்பு, பஸ் காசு, பிள்ளையைப் பார்க்க ஆள் என்று மூன்று தடைகள் உண்டு. கணவன் அன்று சமையலையும் பிள்ளையையும் பொறுப்பேற்றால் ஒரு தடை நீங்கும். மாதர் சங்கம் தனது சேமிப்பிலிருந்து வட்டியில்லாத சிறு தொகையை 'வைத்தியச் செலவுக் கை' என்று ஒதுக்கி வைத்தால் மற்ற இரண்டும் இலேசாகும். தனியே போகப் பயப்படுபவருடன் இன்னொரு பெண் கூடச் செல்லலாம்.

இன்னொன்று. இடம்பெயர்ந்து வாழும் நமக்கு வைத்தியத் துண்டுகள் அடையாள அட்டையைப் போல் முக்கியமானவை. கிளினிக் கொப்பி, ஸ்கேன் படம், ஆய்வுகூட அறிக்கை மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி வையுங்கள். வேறு இடத்துக்குப் போக நேர்ந்தாலும் அங்குள்ள வைத்தியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் அல்லது குடியிருப்பில், ஒழுங்கற்ற இரத்தப்போக்கைப் பற்றி ஒரு பெண் முதலில் யாரிடம் சொல்வார்? அவர் சொல்லத் தயங்குவதற்கான காரணங்கள் என்ன?
2. மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதை உங்கள் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் எப்படிச் சொல்வீர்கள்?
3. அண்மையிலுள்ள பெண்நோயியல் கிளினிக் எந்தக் கிழமை நடைபெறுகிறது? அங்கு போய்வர எவ்வளவு செலவாகும்? சங்கத்தில் ஒருவர் இதை விசாரித்து வந்து அடுத்த கூட்டத்தில் அறிவிக்கட்டும்.
4. ஒரு தாய் கிளினிக்குக்குப் போகும் நாளில் அவர் வீட்டு வேலையை யார் செய்வது? பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.